அறுபத்தொரு பச்சைப் பொட்டுகள்

ஜூன் 3, திங்கள்

மூன்றாவது வாரம். இன்றும் எனக்கு நாற்காலி இல்லை. நகல் இயந்திரத்துக்குப் பக்கத்தில், காகிதக் கட்டுகள் வந்த அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து வேலை பார்த்தேன். நகல் எடுக்க வருகிற ஒவ்வொருவரும் "கொஞ்சம் தள்ளிக்கம்மா" என்கிறார்கள். பதினோரு வாரப் பயிற்சியில் இரண்டு வாரம் தள்ளிக்கொள்வதிலேயே போய்விட்டது.

நகரத் திட்டமிடலில் முதுகலை படிக்கிறேன் என்று பெயர். முதல் வருடம் முழுக்க 'சமத்துவமான வளர்ச்சி', 'மக்கள் பங்கேற்பு' என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன். இந்த அலுவலகத்துக்கு வந்து இதுவரை செய்தது கோப்புகளுக்கு எண் போட்டது, கூட்டங்களுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்து வைத்தது.

மேடம் எங்கள் பிரிவின் தலைவி. நடந்துகொண்டேதான் பேசுவார், பின்னால் ஓடிக்கொண்டேதான் கேட்க வேண்டும். இன்று படிக்கட்டில் ஓடும்போது சொன்னார்: "செப்டம்பர்ல இளநிலைத் திட்டமிடுநர் இடம் ஒண்ணு வருது. பயிற்சியில நல்லா பண்றவங்களைத்தான் முதல்ல பார்ப்போம்." நான் அப்படியே நின்றுவிட்டேன். அதற்குள் அவர் ஒரு மாடி ஏறிவிட்டார்.

அந்த வேலை எனக்கு வேண்டும். வேலை கிடைத்தால் ஓர் அறை. அறை என்றால் கதவு. எட்டு மாதமாக அக்கா வீட்டு ஹால் சோபாவில் படுக்கிறேன். காலையில் செய்தி பார்க்க மாமா நான் காலை மடக்கும்வரை காத்திருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னதில்லை மனிதர். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஜூன் 5, புதன்

கிடைத்துவிட்டது! பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருக்கும் தெரு. எல்லோரும் பின்தெரு என்றுதான் சொல்கிறார்கள். அறுபத்து நான்கு வீடு. மொத்தத்தையும் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டும் திட்டம் மூன்று வருடமாகக் கிடப்பில் கிடக்கிறதாம். கட்டி முடிக்கும்வரை அங்கே இருப்பவர்கள் நகரத்தின் மறுகோடியில் தற்காலிக வீடுகளுக்குப் போக வேண்டும். மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்காமல் மேலிடக் குழு கையெழுத்துப் போடாது.

"நீ போய்ப் பேசு. என்னைப் பார்த்தா அதிகாரின்னு வாயை மூடிக்குவாங்க. உன்னைப் பார்த்தா யாருக்கும் அப்படித் தோணாது" என்றார் மேடம். பாராட்டா, திட்டா? பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 10, திங்கள்

பின்தெருவுக்குப் போய்வந்தேன். கைகளை விரித்தால் இரண்டு பக்கச் சுவரையும் தொட்டுவிடலாம் போன்ற அகலம். கூரைகளில் தார்த்தாள், அதன் மேல் செங்கல், அதன் மேல் பழைய டயர். பணிமனையிலிருந்து பேருந்து கிளம்பும்போது ஒவ்வொரு வீட்டு ஜன்னலும் தனித்தனியாக நடுங்குகிறது.

முதல் வீட்டு வாசலில் தையல் இயந்திரத்தோடு ஓர் அம்மா. தையலம்மா என்றுதான் தெருவே கூப்பிடுகிறது. எதிரே பூட்டுக்கடைக்காரர். பூட்டு திறக்கத் தெரிந்த அளவு அவருக்கு வாய் திறக்கத் தெரியவில்லை. தையலம்மா அதற்கும் சேர்த்துப் பேசினார். "யாரு நீ? கணக்கெடுப்பா? தடுப்பூசியா?" "இல்லம்மா, வரைபடம் காட்ட வந்திருக்கேன்." "காட்டு பாப்போம்."

மேலிருந்து எடுத்த படத்தில் வீட்டு எல்லைகளைக் கோடு போட்ட பெரிய தாள். தரையில் விரித்தேன். பத்து நிமிடத்தில் இருபது பேர் குனிந்துவிட்டார்கள். சொல்லிவைத்த மாதிரி எல்லோரும் செய்தது ஒன்றுதான், விரலை வைத்துத் தன் வீட்டைத் தேடியது. "இதோ என் தண்ணித்தொட்டி!" "போடி, அது என் தொட்டி." தெருவை யாருமே பார்க்கவில்லை. திரும்பி வரும்போது பேருந்தில் அதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

ஜூன் 14, வெள்ளி

நாளை கூட்டம். தலைக்கு மேல் வேலை. ஆளுக்குப் பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று என்று வட்ட ஸ்டிக்கர். விளக்கத்தாள் நானே எழுதினேன். "பச்சை: மாற்றத்தை விரும்பும் இடம். சிவப்பு: மாற்றத்தை விரும்பாத இடம்." மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டார். அடிக்கப் போனால் அச்சு இயந்திரத்தில் வண்ண மை தீர்ந்துவிட்டது. பச்சையும் கறுப்பு, சிவப்பும் கறுப்பு. இரண்டு கறுப்பு வட்டத்துக்குப் பக்கத்தில் பச்சை, சிவப்பு என்று எழுதியிருந்தால் யாருக்கு என்ன புரியும்? தாளை மாட்ட வேண்டாம், வாயாலேயே சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். பேசத்தானே என்னை அனுப்புகிறார்கள்.

ஜூன் 15, சனி

அறுபத்தோரு வீட்டிலிருந்து, வீட்டுக்கு ஒருவராக வந்தார்கள்! பணிமனைச் சங்கக் கூடத்தில் உட்கார இடமில்லை. பேராசிரியர் நூறு வீட்டுக்குப் பதினைந்து வந்தாலே பெரிய விஷயம் என்பார்.

நாற்காலி மேல் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்தினேன். "விரும்புற இடத்துல பச்சை, விரும்பாத இடத்துல சிவப்பு! ஆளுக்கு ஒண்ணு ஒண்ணு! சீக்கிரம் ஒட்டுங்க, வரிசை நிக்குது!" ஸ்டிக்கரை அவர்கள் பொட்டு என்கிறார்கள். "எனக்குப் பச்சைப் பொட்டு தரலியே" என்று ஒரே ரகளை. எனக்கும் பெயர் வைத்துவிட்டார்கள், பொட்டுக்காரப் பொண்ணு.

சிவப்பைப் பெரும்பாலோர் ஒட்டவே இல்லை. நெற்றியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களும் உண்டு. கூடத்தைப் பெருக்கிவிட்டுக் கிளம்பும்போது கால் தரையில் நிற்கவில்லை எனக்கு.

ஜூன் 17, திங்கள்

பச்சை 61. சிவப்பு 9. நூற்றுக்கு எண்பத்தேழு பேர் மாற்றத்தை விரும்புகிறார்கள். மேடம் என் அறிக்கையை நின்று படித்தார். நின்று! "மூணு வருஷமா ஆகாத காரியம்" என்றார். மதியத்துக்குள் எனக்கு நாற்காலி வந்துவிட்டது. சக்கரம் வைத்தது.

ஜூன் 19, புதன்

நாற்காலி சுழலவும் செய்கிறது.

ஜூன் 24, திங்கள்

எழுதவே பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

வரைபடப் பிரிவில் இருக்கும் அண்ணன் எதைக் கேட்டாலும் "அதுக்கு ஒரு அடுக்கு போட்டுடலாம்" என்பார். அதனால் அவர் அடுக்கண்ணன். என் பொட்டுகளை எல்லாம் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தவர் திடீரென்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"இங்க வாம்மா. உன் தெரு ஆளுங்க குப்பைமேட்டு மேல எவ்வளவு பாசமா இருக்காங்க பாரு. குப்பைமேட்டை மாத்தவே கூடாதுன்னு ஏழு பேர் ஒட்டியிருக்காங்க! அடைஞ்ச சாக்கடையை மாத்தக்கூடாதுன்னு ரெண்டு பேர்!"

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தேன். ஒன்பது சிவப்பும் குப்பைமேட்டிலும் சாக்கடையிலும். பச்சை வீட்டுக்கு ஒன்றாக, கூரைக்கு நடுவில், கவனமாக, சாய்வில்லாமல். இடித்துப் போடு என்று சொல்கிறவன் அப்படியா ஒட்டுவான்?

பேருந்து நிறுத்தத்தில்கூட ஒரு பச்சை இருக்கிறது. பேருந்து நிறுத்தத்தை இடித்து அடுக்குமாடி கட்டச் சொன்னாரா அந்த ஆள்?

"விரும்புற இடத்துல பச்சை." அப்படித்தானே கத்தினேன். 'மாற்றத்தை' எங்கே? தாளில் இருந்தது, என் வாயில் இல்லை. ஒரு சொல். ஒரே ஒரு சொல்லை முழுங்கிட்டேனே! இல்லை, இப்படியும் இருக்கலாம், அவர்களுக்கு எப்படியும் புரிந்திருக்கும். மூன்று வருடமாகப் பேச்சு அடிபடும் திட்டம்தானே. புரிந்திருக்கும். புரிந்துதான் ஒட்டியிருப்பார்கள்.

அப்படியென்றால் குப்பைமேடு?

ஜூன் 25, செவ்வாய்

அக்காவையும் மாமாவையும் வைத்துச் சோதித்துப் பார்த்தேன். வீட்டின் அமைப்பை ஒரு தாளில் வரைந்து, மாலை டீ குடிக்கும்போது பொட்டுகளைக் கொடுத்தேன். "வீட்டை மாத்திக் கட்டப்போறதா வெச்சுக்குங்க. விரும்புற இடத்துல பச்சை, விரும்பாத இடத்துல சிவப்பு." அவ்வளவுதான் சொன்னேன்.

அக்கா யோசிக்கவே இல்லை. அடுப்படி ஜன்னலில் பச்சை. "அதை இடிக்கணுமா?" என்றேன். "இடிச்சே, உன் கையை ஒடிப்பேன். வீட்டுலயே எனக்குப் பிடிச்ச இடம் அதுதான்."

மாமா சிரித்துக்கொண்டே சிவப்பை எடுத்துச் சோபாவில் ஒட்டினார். "இதுல நான் சாஞ்சு உக்காந்து எட்டு மாசம் ஆச்சு." அக்கா அவர் தொடையில் கிள்ளியது எனக்குத் தெரிந்தது. "சும்மா விளையாட்டுக்குடா" என்றார் மாமா. நானும் சிரித்துவைத்தேன்.

"நீ ஒட்டலியா?" என்று அக்கா ஒரு பச்சையை நீட்டினாள். தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே ஒட்டுவது? வேலை இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் 26, புதன்

பின்தெருவுக்கு அலுவலகத்தில் சொல்லாமல் போனேன். தையலம்மா வாயில் ஊசியைக் கடித்தபடி, "வா பொட்டுக்காரி" என்றார்.

"அம்மா, அன்னைக்குப் பச்சையை ஏன் உங்க வீட்டுல ஒட்டினீங்க?"

"பின்ன எங்க ஒட்டுவாங்க? விரும்புற இடம்னு நீதானே கேட்டே. இருபத்திரண்டு வருஷமா இந்த வாசல்ல உக்காந்து தைக்கிறேன். பக்கத்து வீட்டுலயா ஒட்டுவேன்?"

எதையாவது பேச வேண்டுமே என்று, "உங்க வீட்டு மேல மட்டும் ரெண்டு பச்சை இருந்துச்சு" என்றேன்.

"ரெண்டா? நான் ஒண்ணுதானே ஒட்டினேன்?"

எதிர்க் கடையில் பூட்டுக்காரர் கையிலிருந்த பூட்டை இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். அவர் வீட்டில் பச்சையே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வேறு நாளாக இருந்தால் கேலி செய்தே தீர்த்திருப்பேன்.

"எதுக்கும்மா கேக்குறே?" என்றார் தையலம்மா. சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். "சும்மாதான்" என்றேன். சும்மாதான்! என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

ஜூன் 27, வியாழன்

மேடத்திடம் சொன்னேன். கதவைச் சாத்தினார். உட்கார்ந்தார். இந்த அலுவலகத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது இதுதான் முதல் முறை.

"நீ சொல்றது சரியாவே இருக்கலாம். குழுக் கூட்டம் வர்ற புதன்கிழமை. போன மழையில அங்க ரெண்டு கூரை இறங்கிச்சு, தெரியுமா? ஆள் சாகலை, அதனால யாரும் கேக்கலை. இப்ப நிறுத்தினா இன்னும் மூணு வருஷம் ஆகும். அதுக்குள்ள ஒண்ணு விழுந்தா?"

திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன்.

"வாயால சொன்னதை நான் கேட்டதா வெச்சுக்கல. எழுத்துல குடுத்தா குழுவுக்கு அனுப்பியே ஆகணும். தப்பு யார் பேர்ல இருக்கும்னு உனக்கே தெரியும். அந்த செப்டம்பர் இடத்துக்கும் இதே குழுதான் கையெழுத்துப் போடுது. யோசிச்சுக்கோ."

ஜூன் 28, வெள்ளி

யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. நகம்தான் மிச்சமில்லை.

ஜூன் 30, ஞாயிறு

காலையிலிருந்து ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன். "ஒரு இடத்துல நில்லேன், தலை சுத்துது" என்று அக்கா எரிந்து விழுந்தாள். கொட்டிவிட்டேன் எல்லாவற்றையும்.

மாமா சொன்னது: "அறுபது பேர்ல பாதிப் பேராவது மாத்திக் கட்டுறதுக்குச் சரின்னுதான் சொல்லுவாங்க. புது வீடு கசக்குதா யாருக்காவது? விடு. உன் வேலையைப் பாரு."

அவர் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது என்று தோன்றியது. ஞாயம் இருக்கிறதா, எனக்கு அது வசதியாக இருக்கிறதா? இரண்டும் இப்போது ஒரே மாதிரிதான் தெரிகிறது.

அக்கா மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். பாத்திரம் துலக்கிக்கொண்டே, திரும்பாமலே பேசினாள். "போன வருஷம் ஒரு சீட்டுல 'சாப்பாட்டுக்கு முன்'னு எழுதறதுக்கு பதிலா 'சாப்பாட்டுக்கு'ன்னு மட்டும் எழுதிட்டேன். அந்த ஆள் என்ன பண்ணினாரு தெரியுமா? மருந்தைச் சோத்துல பிசைஞ்சு சாப்பிட்டிருக்காரு. வீடு தேடிப் போய்ச் சொன்னேன். முதலாளி ஒரு வாரம் என்னைக் கல்லாப் பக்கமே விடலை."

"நீ சொன்னதே இல்லையே."

"பெருமைப்பட அதுல என்ன இருக்கு?"

"அந்த வேலை போச்சுன்னா நான் இன்னும் எத்தனை மாசம் இந்த சோபாவுல கிடக்கறது? நீயே சொல்லு! உன் வீட்டுக்காரர் சிவப்பு ஒட்டிட்டாரு, பாத்தேல்ல?"

கேட்டிருக்கக் கூடாது. மாமா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அக்கா குழாயை மூடினாள். "அவர் விளையாட்டுக்கு ஒட்டினதை நீ இத்தனை நாளா மனசுல வெச்சிட்டிருக்கே. அங்க அறுபது பேர் நெஜமா ஒட்டினதை என்ன பண்ணப்போறே?"

அழுதேன். கோபத்தில்தான்.

ஜூலை 1, திங்கள்

எழுதிக் கொடுத்துவிட்டேன். அரைப் பக்கம்.

"ஜூன் 15 அன்று நடந்த கூட்டத்தில், விளக்கத்தாளில் உள்ள 'மாற்றத்தை' என்ற சொல்லை நான் வாய்மொழியாகச் சொல்லும்போது விட்டுவிட்டேன். விளக்கத்தாளையும் மாட்டவில்லை. மக்கள் தாங்கள் விரும்பும் இடமாகத் தங்கள் வீட்டையே குறித்தனர். ஆகவே 61 பச்சைக் குறிகளையும் சம்மதமாக எடுத்துக்கொள்ள இயலாது. பிழை என்னுடையது. மீண்டும் கேட்க அனுமதி கோருகிறேன்."

மேடம் படித்துவிட்டு, "'இயலாது'ங்கறதை 'கூடாது'ன்னு மாத்து. இயலாதுன்னா சிலர் எடுத்துக்குவாங்க" என்றார். அவ்வளவுதான். மாற்றிக் கொடுத்தேன்.

ஜூலை 3, புதன்

குழு கூடியது. என்னை உள்ளே கூப்பிடவில்லை. வெளியே பெஞ்சில் இரண்டு மணி நேரம். சுவரில் தீயணைப்பான் விளக்கம் ஒட்டியிருந்தது, இப்போது எனக்கு மனப்பாடம். அடுக்கண்ணன் வந்து ஒரு டீயை வைத்துவிட்டு, "என் சிரிப்பு உனக்கு இப்படி வினையாப் போச்சே" என்றார்.

மேடம் வெளியே வந்தார். "பத்து நாள் குடுத்திருக்காங்க. திரும்பக் கேளு. இந்தத் தடவை வாயைத் திறக்காம கேளு."

ஜூலை 13, சனி

அதே கூடம். விளக்கத்தாள் வண்ணத்தில், என் உயரத்துக்கு. முதலில் உண்மையைச் சொன்னேன். நாற்காலி மேல் ஏறவில்லை. "நீங்க ஒட்டின பச்சையை, உங்க வீட்டை இடிக்கச் சம்மதம்னு நாங்க எழுதிட்டோம். 'மாற்றத்தை'ங்கற சொல்லை நான் சொல்லாம விட்டதுதான் காரணம்."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "எங்க வீட்டு மேல நாங்களே பொட்டு வெச்சு அனுப்பியிருக்கோம் பாரு!" என்று ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். "நான் பேருந்து நிறுத்தத்துல ஒட்டினேன், அதையுமா இடிக்கிறாங்க?" என்று இன்னொருவர். அவரைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

தையலம்மா எழுந்து நேராக என்னிடம் வந்தார்.

"நீ அன்னைக்கு வாசலுக்கு வந்து கேட்டியே. அப்பவே உனக்குத் தெரியும், இல்ல?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுக்கிட்டுதான் சும்மான்னு சொன்னே."

"ஆமா."

"சரி. பொட்டைக் குடு."

பொட்டு தீர்ந்ததும் இரண்டு தடவை எண்ணினேன். சம்மதம் 29. சம்மதமில்லை 32. இழுபறி. நான் மனதுக்குள் என்ன நினைத்திருந்தேன்? அத்தனை பேரும் சிவப்பு ஒட்டுவார்கள், நான் ஒரு தெருவையே காப்பாற்றியதாகும் என்றுதானே? தையலம்மா தன் வீட்டில் ஒட்டியது பச்சை.

"என்னம்மா இது?" வாயைத் திறக்கக் கூடாது என்று மேடம் சொன்னது மறந்துவிட்டது.

"போன மழையில என் கூரை இறங்கிச்சு. மூணு நாள் பூட்டுக்கடையில துணி மூட்டையோட கிடந்தேன். புது வீடு யாருக்கு வேண்டாம்? ஆனா ஊருக்கு அந்தக் கோடியில கொண்டுபோய் விட்டா எனக்கு யாரு தைக்கத் தருவா? இதே தெருவுல ஒரு மூலையில இருக்க விட்டுக் கட்டட்டும். அதை எங்க ஒட்டறது? அதுக்குப் பொட்டு இருக்கா உன்கிட்ட?"

இல்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் சொன்னதை, அவர் சொன்னபடியே, ஒரு சொல் விடாமல் எழுதினேன். எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டச் சொன்னார். அவருக்குப் பின்னால் நாற்பது பேர் வரிசையில் வந்து நின்றார்கள். கூடத்தைப் பூட்ட வந்த பணிமனைக் காவலாளி, சாவியை என் பக்கத்தில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஜூலை 15, திங்கள்

நாற்பத்தொரு தாளையும் அப்படியே தட்டச்சு செய்தேன். "சுருக்கம் எங்கே?" என்றார் மேடம். சுருக்கவில்லை என்றேன். நின்று, முழுக்கப் படித்தார். முப்பத்து நான்கு பேர், பச்சைக்காரர்களும் சிவப்புக்காரர்களும், தெருவை விட்டு அனுப்பாமல் கட்டச் சொல்லியிருந்தார்கள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

பயிற்சி முடிந்தது. மதிப்பீட்டில் மேடம் எழுதியது: "கவனக்குறைவு உண்டு. மறைக்கும் பழக்கம் இல்லை." இரண்டு வரி. அதை எத்தனை தடவை படித்திருப்பேன்! இரண்டாவது வரியில் எனக்குக் கொஞ்சம் கூச்சம். எழுதிக் கொடுக்கும்வரை ஐந்து நாள் மறைத்தேனே.

செப்டம்பர் இடத்துக்கு வேறொருவரைக் குழு எடுத்துக்கொண்டது. அடுக்கண்ணன்தான் மெதுவாகச் சொன்னார். தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் கழிப்பறையில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். சக்கரம் வைத்த நாற்காலியை நகல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டுக் கிளம்பினேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சோபா மேல் சிவப்புப் பொட்டு ஒட்டிய அந்தத் தாளை மாமா எடுத்துவந்து, என் எதிரிலேயே கிழித்தார். "எத்தனை மாசம் வேணும்னாலும் இரு" என்றார். இந்த மனிதரைத்தான் அன்றைக்குத் தெருவுக்கு விரட்டினேன். "மாமா, செய்தி பாருங்க" என்று எழுந்து இடம் விட்டேன்.

செப்டம்பர் 14, சனி

கல்லூரியில் எங்கள் துறையிலேயே இளைய மாணவர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது. பெரிதாக ஒன்றும் இல்லை. ஓர் அறைக்குப் போதும்.

நான் அறை தேடுவது எப்படித்தான் பின்தெருவரைக்கும் போனதோ, தையலம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். "பூட்டுக்கடை மாடி காலியா இருக்கு. அவரா உனக்குச் சொல்லமாட்டாரு. நான் சொல்றேன்." என்னை மன்னித்துவிட்டாரா என்று கேட்கத் தைரியமில்லை. "வர்றதுன்னா வா. தெரிஞ்சே சும்மான்னு இன்னொரு தடவை சொன்னே, படியிலேர்ந்து உருட்டிவிடுவேன்" என்றார்.

இன்று வந்துவிட்டேன். ஒரு ஜன்னல், ஒரு கதவு. கதவுக்குப் பூட்டுக்காரர் மூன்று பூட்டு போட்டிருக்கிறார். பேருந்து கிளம்பினால் என் ஜன்னலும் நடுங்குகிறது. அக்கா சாமான்களோடு வந்து, எல்லாவற்றையும் முறைத்துப் பார்த்துவிட்டு, ஜன்னலைத் துடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள்.

நவம்பர் 9, சனி

திட்டம் மாறி வந்திருக்கிறது. தெருவை இரண்டாகப் பிரித்து, பணிமனை தரும் இடத்தில் தற்காலிக வீடு போட்டு, ஒரு பாதியைக் கட்டிய பிறகு மறுபாதி. யாரும் தெருவை விட்டுப் போக வேண்டாம். நம்பலாமா என்று வாரம் முழுக்கத் தெருவில் சண்டை. இன்று மறுபடி சங்கக் கூடத்தில் கேட்டார்கள்.

மேடம் ஓரமாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். முன்னால் ஒரு புதுப் பயிற்சிப் பெண், கால் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது அவளுக்கு. தாளில் இருந்ததை முழுக்க, மெதுவாக, இரண்டு தடவை படித்தாள். "பச்சை: இந்த இடத்தில் மேற்கண்ட மாற்றத்தை விரும்புகிறேன்." தாளின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி அச்சாகியிருந்தது: 'இவ்வாக்கியத்தைப் படிப்பவர் எந்தச் சொல்லையும் விடக் கூடாது.'

"வாடகைக்கு இருக்கறவங்களுக்கும் உண்டு" என்று என் கையிலும் ஒரு பச்சை, ஒரு சிவப்பு வைத்தாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது.

வரைபடத்துக்கு முன்னால் போய் நின்றேன். பாதிகள், கோடுகள், அளவுகள், எல்லாம் படித்துப் பழகியவள்தானே நான். ஒன்றையும் பார்க்கவில்லை. விரல் பாட்டுக்குப் போய்ப் பூட்டுக்கடையைத் தேடியது. அதன் கூரையைக் கண்டுபிடித்தது. நான் காயப்போட்டிருந்த நீலத் துண்டுகூடத் தெரிந்தது. முதலில் இடிக்கப்போகும் பாதியில் இருக்கிறது.

பச்சைதான் சரி. எனக்குத் தெரியும், அந்தக் கூரை ஒழுகுவதும் தெரியும். ஆனாலும் எனக்கென்று ஒரு கதவு கிடைத்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

"சீக்கிரம் ஒட்டும்மா, வரிசை நிக்குது" என்று பின்னாலிருந்து தையலம்மா முதுகில் இடித்தார்.

"இருங்கம்மா" என்றேன். "இன்னும் படிச்சு முடிக்கல."